அத்தியாயம் 6: ஒரே தேக்கமா, தனித்தனி அறைகளா?

முதல் கிணறு எண்ணெயைக் காட்டிவிட்டது. மணற்கல் அடுக்கு நல்ல தடிமன். நுண்துளைகளுக்கும் குறைவில்லை. வரைபடத்தில் அந்த அமைப்பு இருபது சதுர கிலோமீட்டருக்கு விரிகிறது. அடுத்து எல்லோரும் செய்வது பெருக்கல்: பரப்பு, தடிமன், நுண்துளை அளவு, அதில் எண்ணெயின் பங்கு. கிடைக்கும் எண் பெரியதாக இருக்கும், மகிழ்ச்சியும் தரும்.

அந்தப் பெருக்கலுக்குள் யாரும் எழுதிவைக்காத ஓர் அனுமானம் உட்கார்ந்திருக்கிறது. தேக்கத்தின் ஒரு மூலையில் இருக்கும் எண்ணெய் மறுமூலையில் உள்ள கிணற்றுக்கு நகர்ந்து வரும் என்பதே அது. பல வயல்களில் அது நடப்பதில்லை. வரப்பு போட்ட நெல்வயலைத் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே பச்சையாகத் தெரியும். நீர்மட்டம் மட்டும் பாத்திக்குப் பாத்தி வேறாக இருக்கும். பூமிக்குள் இருக்கும் தேக்கமும் அப்படித்தான் அறைகளாகப் பிரிந்திருக்கக்கூடும்.

தேக்கம் ஐந்து அறைகளாக இருந்தால் ஒவ்வோர் அறைக்கும் தனி உற்பத்திக் கிணறு வேண்டும். அழுத்தத்தைத் தக்கவைக்க நீர் செலுத்துவதாக இருந்தால் அதற்கும் தனிக் கிணறு வேண்டும். சில அறைகள் தமக்கென ஒரு கிணற்றின் செலவைக் கூட ஈட்டாது. உற்பத்தி தொடங்கிய பிறகு இது தெரியவந்தால், மேடையும் குழாய்களும் தவறான அளவில் ஏற்கெனவே கட்டப்பட்டிருக்கும். இந்தக் கேள்வியை முதல் கிணற்றிலேயே கேட்க இன்னொரு காரணமும் உண்டு. தேக்கத்தின் தொடக்க நிலையை, அதாவது யாரும் எண்ணெய் எடுக்காத நிலையின் அழுத்தத்தையும் திரவத்தையும், அளக்க ஒரே ஒரு வாய்ப்புதான் உண்டு. உற்பத்தி தொடங்கியதும் அது கலைந்துவிடும். இந்த அத்தியாயம் அந்த வாய்ப்பைப் பயன்படுத்துவது பற்றியது.

சுவர்கள் எவற்றால் ஆனவை

முதல் வகை, நிலப்பிளவு. களத்தில் ‘ஃபால்ட்’ என்பார்கள். பாறை உடைந்து ஒருபுறம் நழுவும்போது மணற்கல் எதிர்ப்புறக் களிப்பாறைக்கு எதிரே வந்து நிற்கலாம். அப்போது எண்ணெய்க்கு வழி அடைபடும். மணற்கல்லுக்கு எதிரே மணற்கல்லே நின்றாலும், நழுவும்போது இடையில் அரைபட்ட களிமண்ணும் நொறுங்கிய மணலும் பூசப்பட்டு வழியை அடைக்கலாம்.

இரண்டாவது வகை, படிவு. பழைய ஆற்றுக் கால்வாய்களில் படிந்த மணல் உடல்கள் களிமண்ணுக்கு நடுவே தனித்தனியாகக் கிடக்கும். அல்லது ஒரு மெல்லிய களிப்பாறை அடுக்கு மேல் மணலையும் கீழ் மணலையும் பல கிலோமீட்டருக்குப் பிரித்து வைத்திருக்கும்.

மூன்றாவது வகை, பின்னால் வந்த வேதி மாற்றம். மணற்துகள்களுக்கு இடையே கால்சைட் அல்லது குவார்ட்ஸ் படிந்து இறுகி, நுண்துளைகளை மூடிவிடும். எண்ணெய்–நீர் எல்லை ஒருகாலத்தில் நின்ற இடத்தில் தார் படிந்து தடுப்பாவதும் உண்டு.

ஒரே வயலில் மூன்றும் சேர்ந்திருக்கலாம். ‘பிளவு இல்லை, ஆகவே பிரிவும் இல்லை’ என்ற முடிவுக்கு ஒருபோதும் போகாதீர்கள்.

ஒவ்வொரு சான்றும் எந்தக் காலத்தைப் பேசுகிறது

இந்த அத்தியாயத்தின் மையம் இதுதான். சான்றுகள் எல்லாம் ஒரே காலத்தைப் பேசுவதில்லை. நமக்குத் தேவையான காலம் இருபது, முப்பது ஆண்டுகள். வயலின் உற்பத்திக் காலம். பாறைக்குள் எழுதப்பட்டிருப்பதோ லட்சக்கணக்கான ஆண்டுகளின் கதை.

எண்ணெய் தேக்கத்துக்குள் வந்து சேர்ந்த பிறகு அழுத்தம், எல்லை மட்டம், திரவத்தின் கலவை ஆகிய மூன்றும் சமநிலைக்கு வர முயலும். அழுத்தம் விரைவில் சமமாகும். 1 மில்லிடார்சி என்ற மிகக் குறைந்த ஊடுருவுதிறன் கொண்ட பாறையிலும் 1 கிலோமீட்டர் தூரத்துக்கு அழுத்த மாற்றம் பரவச் சில ஆண்டுகளே போதும். 100 மில்லிடார்சி என்றால் சில வாரங்கள். எல்லை மட்டம் சமமாகத் திரவமே இடம்பெயர வேண்டும். அதற்கு இன்னும் நெடுங்காலம் பிடிக்கும். கலவை மூலக்கூறுகளின் பரவலால் மட்டுமே சமமாக வேண்டுமானால், தடையே இல்லாத மணலில்கூட 1 கிலோமீட்டர் தூரத்துக்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் தேவை.

இதிலிருந்து நான்கு விதிகள் பிறக்கின்றன:

1. அழுத்தம் இரு கிணறுகளிலும் வேறாக இருந்தால் அது வலுவான சான்று. எளிதில் சமமாகக்கூடியதே சமமாகவில்லை என்றால் நடுவில் உறுதியான தடுப்பு இருக்கிறது.

2. அழுத்தம் ஒன்றாக இருந்தால் அது பலவீனமான சான்று. கசியும் சுவர் ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் அழுத்தத்தைச் சமமாக்கியிருக்கும். அதே சுவர் நாளொன்றுக்குப் பல ஆயிரம் பீப்பாய்களை விடாது.

3. கலவை வேறாக இருந்தால் அதுவும் பலவீனமான சான்று. இணைந்த தேக்கத்திலும் கலவை சமமாக நேரம் போதாமல் இருந்திருக்கலாம்.

4. கலவை ஒத்துப்போய், ஆழத்தோடு ஒரே ஒழுங்கில் மாறினால் இணைப்புக்கு நல்ல சான்று. எளிதில் நகராத கனமான அஸ்பால்டீன் மூலக்கூறுகள் பல கிணறுகளில் ஒரே சரிவில் அமைந்திருந்தால் அந்தச் சான்று இன்னும் வலுக்கும்.

நான்காவது விதிக்கு ஒரு வரம்பு உண்டு. சமநிலை வந்த பிறகு பிளவு நழுவியிருந்தால், பழைய ஒற்றுமை புதிய சுவரின் இருபுறமும் அப்படியே நிற்கும். ஆகவே பிளவு எப்போது இயங்கியது, எண்ணெய் எப்போது வந்தது என்ற வரிசையை நிலவியலாளரிடம் கேட்டு எழுதிவையுங்கள்.

கிணறு தோண்டும் முன்: சீஸ்மிக் படம்

சீஸ்மிக் படத்தில் எவ்வளவு சிறிய பிளவு தெரியும் என்பதை முதலில் கணக்கிடுங்கள். பாறையில் அலையின் வேகம் நொடிக்கு 3,000 மீட்டர், அதிர்வெண் 30 ஹெர்ட்ஸ் என்றால் அலைநீளம் 100 மீட்டர். அதில் கால்பங்கு, அதாவது 25 மீட்டர், பிரித்தறியும் எல்லை என்று கொள்ளலாம். 1995இல் பஹோரிச், ஃபார்மர் இருவரும் அறிமுகப்படுத்திய ஒத்திசைவுக் கணக்கீடு போன்ற முறைகள் இதைவிடச் சிறிய பிளவுகளின் தடத்தையும் சில சமயம் காட்டும். ஆனாலும் 10 மீட்டர் நழுவல் பெரும்பாலும் கண்ணுக்குத் தப்பும்.

இப்போது உங்கள் மணல் அடுக்கின் தடிமனைப் பக்கத்தில் வையுங்கள். மணல் 80 மீட்டர் என்றால் 10 மீட்டர் நழுவல் அதைத் துண்டிக்காது. மணல் 8 மீட்டர்தான் என்றால், படத்தில் தெரியாத அந்தப் பிளவே அதை முழுவதுமாக வெட்டிவிடும். மெல்லிய மணல் அடுக்குகள் கொண்ட வயலில், பிளவற்றதாகத் தெரியும் படம் ஆறுதல் தரக் கூடாது.

தெரியும் பிளவுகளுக்கு இரண்டு வேலைகள் செய்யுங்கள். முதலாவது, பிளவுத் தளத்தில் இருபுற அடுக்குகளையும் ஒன்றன்மேல் ஒன்று வரைந்து, எங்கே மணலும் மணலும் சந்திக்கின்றன என்று பார்ப்பது. அர்பன் ஆலன் 1989இல் வெளியிட்ட இந்த வரைபட முறை அவர் பெயராலேயே வழங்குகிறது. இரண்டாவது, அந்தச் சந்திப்பில் களிமண் பூச்சு எவ்வளவு இருக்கும் என்ற கணக்கு. யீல்டிங், ஃப்ரீமன், நீதம் மூவரும் 1997இல் முன்வைத்த களிமண் விகிதம் எளியது: அந்தப் புள்ளியைக் கடந்து நழுவிய பாறையில் களிமண்ணின் பங்கு எத்தனை சதவீதம்? 40 மீட்டர் நழுவலில் 12 மீட்டர் களிமண் என்றால் 30 சதவீதம். ஏறத்தாழ 15 முதல் 20 சதவீதத்துக்கு மேல் பிளவு தடுக்கத் தொடங்கலாம் என்பது பொதுவான அனுபவம். இதை உங்கள் படுகையின் கிணறுகளோடு ஒப்பிட்டுச் சரிபார்க்காமல் சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதல் இரண்டு கிணறுகள்: அழுத்தக் கோடு

கிணற்றுக்குள் வயர்லைன் கருவியை இறக்கி, மணல் அடுக்கில் பல ஆழங்களில் அழுத்தத்தை அளந்து, ஆழத்துக்கு எதிராக வரைவதே இந்தத் துறையின் மிகப் பயனுள்ள ஒற்றைப் படம். வாயு, எண்ணெய், நீர் மூன்றுக்கும் அடர்த்தி வேறு. ஆகவே கோட்டின் சரிவும் வேறு.

ஓர் எடுத்துக்காட்டு. கிணறு ஒன்றில் 2,400 மீட்டர் ஆழத்தில் எண்ணெயின் அழுத்தம் 3,500 பிஎஸ்ஐ. எண்ணெய்க் கோட்டின் சரிவு மீட்டருக்கு 1.08 பிஎஸ்ஐ, நீர்க்கோட்டின் சரிவு 1.44. ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி, பிளவுக்கு அப்பால், கிணறு இரண்டு 2,430 மீட்டரில் எண்ணெயைத் தொடுகிறது. ஒரே தேக்கம் என்றால் அங்கே அழுத்தம் 3,500 + (30 × 1.08) = 3,532 பிஎஸ்ஐ இருக்க வேண்டும். கருவி காட்டுவது 3,551. மிகை ஏறத்தாழ 19 பிஎஸ்ஐ.

உடனே ‘இரண்டு அறைகள்’ என்று எழுதாதீர்கள். முதலில் பிழையைக் கணக்கிடுங்கள். செங்குத்து ஆழத்தில் 2 மீட்டர் தவறு நேர்ந்திருந்தால் 2 பிஎஸ்ஐ போகும். இரு கிணறுகளிலும் வேறு வேறு கருவி என்றால் இன்னும் ஒன்றிரண்டு. ஊடுருவுதிறன் மிகக் குறைந்த இடங்களில் துரப்பணச் சேற்றின் நீர் பாறைக்குள் புகுந்து பொய்யான உயர் அழுத்தம் காட்டும். அந்தப் புள்ளிகளை ஒதுக்குங்கள். இவ்வளவும் சேர்த்து 5 பிஎஸ்ஐ என்று வைத்தாலும் 19 அதைத் தாண்டி நிற்கிறது. நடுவில் தடுப்பு இருக்கிறது.

இரு அறைகளுக்கும் கீழே உள்ள நீர் ஒன்றே என்று கொண்டால், மிகை அழுத்தத்தைச் சரிவுகளின் வேறுபாட்டால் வகுங்கள்: 19 ÷ 0.36 = ஏறத்தாழ 53 மீட்டர். இரண்டாவது அறையின் எண்ணெய்–நீர் எல்லை முதல் அறையைவிட அவ்வளவு ஆழத்தில் இருக்கும் என்பது உங்கள் கணிப்பு. 5 பிஎஸ்ஐ பிழை இந்தக் கணிப்பை 14 மீட்டர் வரை நகர்த்தும் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். எல்லை வேறாக இருப்பதற்குச் சுவரைத் தவிர வேறு காரணங்களும் உண்டு. நிலத்தடி நீர் நகர்ந்துகொண்டிருந்தால் எல்லை சாய்வாக நிற்கும். ஒரு பள்ளத்தில் நீர் மட்டும் வெளியேற முடியாமல் தங்கியிருக்கவும் கூடும்.

பக்கத்து வயலில் ஏற்கெனவே உற்பத்தி நடந்தால் உங்களுக்கு இன்னொரு நல்ல வாய்ப்பு. புதிய கிணற்றில் அழுத்தம் தொடக்க நிலையைவிடக் குறைந்திருந்தால், இணைப்பு உற்பத்திக் காலத்திலேயே வேலை செய்கிறது என்பதற்கு அதைவிட நேரடிச் சான்று இல்லை.

திரவ மாதிரி: மலிவு, ஆனால் நேரம் தவறினால் கிடைக்காது

தோண்டும்போது சேற்றோடு மேலே வரும் வாயுவைக் குறிப்பிட்ட ஆழ இடைவெளிகளில் சேகரித்து, மீத்தேனின் கார்பன் ஐசோடோப்பு விகிதத்தை அளக்கலாம். செலவு சொற்பம். விகிதம் ஓர் அடுக்கில் சட்டென்று தாவினால் அங்கே தடுப்பு இருக்கிறதா என்று தேடுங்கள்.

எண்ணெய் மாதிரிகளை வாயு நிறப்பகுப்புக் கருவியில் செலுத்தினால் பெரிய சிகரங்களுக்கு நடுவே நூற்றுக்கணக்கான சிறு சிகரங்கள் வரும். அந்தச் சிறு சிகரங்களின் விகிதமே எண்ணெயின் கைரேகை. இரு மாதிரிகளை ஒப்பிடும் முன் ஆழத்தைப் பாருங்கள். புவியீர்ப்பால் ஒரே தேக்கத்திலும் கீழே கனமான எண்ணெய் இருக்கும். அந்த வேறுபாட்டைச் சுவர் என்று படிக்கக் கூடாது.

பாறை மாதிரி எடுத்திருந்தால், அதில் காய்ந்து தங்கிய உப்பின் ஸ்ட்ரான்ஷியம் ஐசோடோப்பு விகிதத்தை அடுக்கு அடுக்காக அளக்கலாம். எண்ணெய் நிரம்பிய பகுதியிலும் பழைய நீரின் கதை அதில் இருக்கும். எண்ணெய் அடிப்படைச் சேற்றில் தோண்டினால் எண்ணெய் மாதிரி மாசுபடும் என்பதால், எந்தச் சேறு என்ற முடிவு எடுக்கப்படும் கூட்டத்திலேயே மாதிரிக்காக வாதாடுங்கள்.

கிணற்றுச் சோதனை: எவ்வளவு இணைந்திருக்கிறது

கிணற்றைச் சில நாட்கள் ஓடவிட்டு மூடி, அழுத்தம் எப்படி மீள்கிறது என்று பார்ப்பது உற்பத்திக் காலத்தின் மொழியிலேயே பதில் தரும். அருகில் ஒரு நேரான சுவர் இருந்தால் மீட்சிக் கோட்டின் சரிவு பிற்பகுதியில் இரட்டிப்பாகும். அழுத்தம் பழைய நிலைக்குத் திரும்பாமல் கீழே நின்றுவிட்டால் கிணறு சிறிய அறைக்குள் இருக்கிறது.

அந்த அறையின் அளவையும் கணக்கிடலாம். தேக்க அளவில் 10,000 பீப்பாய் எடுத்த பிறகு அழுத்தம் நிரந்தரமாக 50 பிஎஸ்ஐ குறைந்தது என்று வையுங்கள். பாறையும் திரவமும் சேர்ந்த அமுங்குதிறன் ஒரு பிஎஸ்ஐக்கு பத்து லட்சத்தில் 15 பங்கு. இணைந்த நுண்துளைக் கொள்ளளவு 10,000 ÷ (0.000015 × 50) = சுமார் 1.33 கோடி பீப்பாய். வரைபடம் 20 கோடி என்று சொல்லியிருந்தால், மீதி எங்கே என்ற கேள்வியோடுதான் அடுத்த கூட்டம் தொடங்க வேண்டும். குறுகிய சோதனை சில நூறு மீட்டருக்கு மேல் பார்க்காது என்பதையும் மறவாதீர்கள். சுவர் தெரியவில்லை என்றால் அந்தத் தூரத்துக்குள் சுவர் இல்லை என்பது மட்டுமே பொருள்.

கிளேர் வயல் சொல்லும் பாடம்

ஷெட்லாந்துத் தீவுகளுக்கு மேற்கே ஏறத்தாழ 75 கிலோமீட்டரில் கிளேர் வயல் 1977இல் கண்டுபிடிக்கப்பட்டது. பிரிட்டிஷ் கடற்பகுதியின் மிகப் பெரிய எண்ணெய் இருப்புகளில் ஒன்று. பல நூறு கோடி பீப்பாய்கள். முதல் எண்ணெய் கரைக்கு வந்தது 2005இல். இடையில் 28 ஆண்டுகள்.

பழைய செம்மணற்கல் பாறையும் வெடிப்புகளும் பெரும் பிளவுகளும் சேர்ந்து அந்த வயலைப் பல துண்டங்களாக்கி வைத்திருக்கின்றன. எண்ணெய் இருப்பது தொடக்கத்திலேயே தெரிந்தது. அது எந்தத் துண்டத்திலிருந்து எவ்வளவு நகரும் என்பதுதான் தெரியவில்லை. 1990களில் நல்ல சீஸ்மிக் படமும், வெடிப்புகளைக் குறுக்கே வெட்டும்படி சாய்வாகத் தோண்டிய கிணறுகளும், 1996இல் நடந்த நீண்ட கிணற்றுச் சோதனையும் சேர்ந்து நம்பிக்கை கொடுத்தன. அப்போதும் முழு வயலையும் ஒரே திட்டமாக எடுக்கவில்லை. நன்கு புரிந்த சில துண்டங்களோடு முதல் கட்டம்; கிளேர் ரிட்ஜ் என்னும் அடுத்த கட்டம் 2018இல். துண்டங்களை ஏற்றுக்கொண்டு, புரிந்த வரிசையில் திட்டமிடுவது தோல்வி ஆகாது என்பதற்கு இந்த வயல் சான்று.

நம் பக்கம்

காவிரிப் படுகை, கிழக்கு கோண்டுவானா உடைந்த காலத்தில் பிளந்து உருவானது. தஞ்சாவூர், தரங்கம்பாடி, நாகப்பட்டினம் உள்ளிட்ட தாழ்ந்த துணைப்படுகைகளைக் கும்பகோணம்–மாதானம் மேடு போன்ற உயர்ந்த தொடர்கள் பிரிக்கின்றன. பிளவுகளே வடிவமைத்த இப்படிப்பட்ட படுகையில் தொடக்கநிலை அனுமானமாக ‘பிரிந்திருக்கலாம்’ என்பதை வைத்துக்கொண்டு, இணைப்பை நிரூபிக்கச் சொல்வதே பாதுகாப்பானது.

கேள்வி எதிர்த்திசையிலும் வரும். கிருஷ்ணா–கோதாவரி ஆழ்கடலில் ஓஎன்ஜிசியின் பகுதியும் ரிலையன்ஸின் பகுதியும் அடுத்தடுத்து இருக்கின்றன. டிகோலியர் அண்ட் மக்நாட்டன் என்ற ஆலோசனை நிறுவனம் 2015 நவம்பரில் தந்த அறிக்கை, எல்லைக்கோட்டின் இருபுறத் தேக்கங்களும் இணைந்திருப்பதாகவும் வாயு ஓஎன்ஜிசி பகுதியிலிருந்து நகர்ந்ததாகவும் கண்டது. அந்த வாயுவின் உரிமை குறித்த வழக்கு நடுவர் மன்றத்துக்கும் நீதிமன்றங்களுக்கும் சென்றது. உரிமத்தின் எல்லை அருகே தோண்டுபவர் இணைப்பையும் பிரிவையும் ஒரே அக்கறையோடு ஆராய வேண்டும்.

இரண்டாவது கிணற்றை எங்கே வைப்பது

குறைந்தது மூன்று மாதிரிகள் வரையுங்கள்: முழுதும் இணைந்தது, ஓரளவு பிரிந்தது, முழுதும் பிரிந்தது. ஒவ்வொன்றிலும் அடுத்த கிணறு எந்த ஆழத்தில் என்ன அழுத்தம், எந்த எல்லை, என்ன எண்ணெய் காட்டும் என்று தோண்டும் முன்பே எண்ணாக எழுதுங்கள். மூன்று மாதிரிகளின் எண்களும் எங்கே அதிகம் விலகுகின்றனவோ அங்கே கிணற்றை வையுங்கள். அது பெரும்பாலும் முக்கியமான பிளவுக்கு அப்பால் இருக்கும். முதல் கிணற்றுக்குப் பக்கத்தில், அதே பாறைத்துண்டில் தோண்டும் கிணறு எண்ணெயைக் காட்டும். கேள்விக்கு விடை தராது.

கிணற்றுக்குப் போகும் முன் சரிபார்க்க

• மணலின் தடிமனும், சீஸ்மிக்கில் தெரியும் மிகச் சிறிய நழுவலும் ஒரே தாளில் எழுதப்பட்டுள்ளனவா?

• அழுத்தப் புள்ளிகள் எண்ணெய், நீர் இரண்டிலும் எடுக்கத் திட்டமா? கருவியும் ஆழ அளவும் முந்தைய கிணற்றோடு ஒப்பிடத் தக்கவையா?

• சேற்று வாயு, எண்ணெய், நீர் மாதிரிகளுக்குப் பொறுப்பாளர் யார்? எங்கே, எத்தனை ஆண்டு பாதுகாக்கப்படும்?

• கிணற்றுச் சோதனையின் நீளம், நீங்கள் ஐயப்படும் பிளவின் தூரத்துக்குப் போதுமா?

• ஒவ்வொரு சான்றின் அருகிலும் அது புவியியல் காலத்தைப் பேசுகிறதா, உற்பத்திக் காலத்தையா என்று குறிக்கப்பட்டுள்ளதா?

• இருப்பு மதிப்பீட்டு அறிக்கையில் ‘தேக்கம் இணைந்திருக்கிறது’ என்ற அனுமானம் தனி வரியாக, அதற்கான சான்றோடு எழுதப்பட்டுள்ளதா?

கடைசிக் கேள்விக்கு ‘இல்லை’ என்பது பதிலானால், அறிக்கையில் கையெழுத்திடும் முன் அந்த வரியை எழுதச் சொல்லுங்கள்.